அமிச்சியோடு தட்சிணசித்ராவுக்கு

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு முதல்முறை நான் தனியாகத்தான் போனேன். இரண்டு மணி நேரத்தில் எல்லா வீடுகளுக்குள்ளும் நுழைந்து வெளியே வந்து, நூற்றுச் சொச்சம் படம் எடுத்துக்கொண்டு கோவைக்குத் திரும்பினேன். என் அம்மாவின் அம்மாவான அமிச்சியிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓர் உரல் இருந்த படத்தில் நிறுத்தினார்.

"இது கல்லா, மரமா கண்ணு?"

நான் கவனிக்கவில்லை.

"பக்கத்துல வேற என்ன இருந்துச்சு?"

அதுவும் நினைவில்லை. அமிச்சி செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. மேற்கொண்டு கேட்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்த மார்கழியில் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இரண்டாவது பயணத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இந்த அத்தியாயத்தில் எழுதுகிறேன். திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், அங்கே இருக்கும் பொருள்களில் பாதியையாவது கையால் புழங்கிய ஒருவரோடு போக வேண்டும். அவர் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும். உரலையும் உலக்கையையும் அருங்காட்சியகம் பத்திரமாக வைத்திருக்கும். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

என்ன இடம் இது

பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து வேறு இடத்தில் அப்படியே எழுப்பி, உள்ளே நடந்து பார்க்க விடும் ஏற்பாடு ஸ்வீடனில் பிரபலமானது. ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஆர்ட்டூர் ஹசேலியஸ் என்பவர் 1891-இல் திறந்த ஸ்கன்சென்தான் இந்த வகைக்கெல்லாம் முன்னோடி. ஆலைகள் பெருகி, கிராமத்து வாழ்க்கை கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்த காலம் அது. நம் நாட்டில் போபாலில் இருக்கும் இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம் மிகப் பெரியது, சுமார் 200 ஏக்கர். தெற்கே இருக்கிற நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தட்சிணசித்ரா.

தட்சிணசித்ராவை உருவாக்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1984-இல் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர் டெபோரா தியாகராஜன். அமெரிக்காவில் பிறந்து, தமிழ்நாட்டு மருமகளாக வந்து, செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டுக் கதவு வேறு தூண் வேறாக விற்கப்படுவதைப் பார்த்தவர். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இடத்துக்கான திட்டத்தை வரைந்து தந்தார். அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ் வேலையைத் தொடர்ந்து எடுத்துச் செய்தார். பொதுமக்களுக்குத் திறந்தது 1996 டிசம்பரில். பத்து ஏக்கர் நிலத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று பகுதி பிரித்து வீடுகள் நிற்கின்றன. இடிக்கப்பட இருந்த வீடுகளை வாங்கி, மரத்தையும் கல்லையும் எண் போட்டுப் பிரித்துக் கொண்டுவந்து, அந்த வேலை தெரிந்த தச்சர்களையும் கொத்தர்களையும் வைத்தே மறுபடி கோத்திருக்கிறார்கள். பொம்மை வீடு அல்ல. ஒரு குடும்பம் பிறந்து வளர்ந்து செத்துப்போன நிஜமான சுவர்களும் தூண்களும். உள்ளே நுழையும்போது அந்த நினைப்பு இருக்கட்டும்.

போகும் வழி, போகும் காலம்

கோவையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பிக் காலையில் சென்னை சென்ட்ரல் போய்ச் சேர்க்கும். பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டுப் பதிவு செய்யுங்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். மாமல்லபுரம் போகும் பேருந்துகள் அந்த வழியாகத்தான் போகின்றன. வயதானவர் கூட இருந்தால் காரே நல்லது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, இதை மறந்து கேட் வரை போய்த் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்புவதற்கு முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வளாகத்துக்குள்ளேயே தங்குவதற்கு அறைகளும் உண்டு. முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த நமக்குச் சென்னைப் புழுக்கம் ஒத்துக்கொள்ளாது. சித்திரை வைகாசியில் அமிச்சி வயதுக்காரரைக் கூட்டிப் போவது பாவம். ஐப்பசி கார்த்திகையில் அங்கே அடைமழை. மார்கழிப் பாதியிலிருந்து மாசி முடியும் வரை நல்ல காலம். பருத்திச் சேலை, பருத்தி வேட்டி, கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு. வாசற்படிகள் உயரம், நிலைகள் தாழ்வு; பழைய வீடுகள் எல்லாமே அப்படித்தான், குனிந்துதான் போக வேண்டும். ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.

முழு நாள் ஒதுக்குங்கள். எல்லா வீட்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். நான்கு வீட்டில் உட்கார்ந்து எழுந்தால் போதும்.

எப்படிப் பார்ப்பது

முதலில் கூரையைப் பாருங்கள். கேரளப் பகுதிக்குப் போனால் ஓட்டுக் கூரை செங்குத்தாகச் சரிந்து, இறவாரம் ஆள் உயரத்துக்குத் தாழ்ந்து வந்திருக்கும். அந்த ஊர் மழைக்கு அதுதான் வேண்டும். ஆந்திரக் கடற்கரை ஊரான ஹரிபுரத்து வீடு வட்டமானது, மண் சுவர். புயல் காற்று மோதி நிற்க அதற்கு மூலையே கிடையாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். இந்த இரண்டையும் பார்த்தபின் நம் கொங்குப் பகுதி வீட்டை நினைத்துப் பாருங்கள். மழை மறைவுப் பிரதேசம், வருசத்துக்கு 700 மில்லிமீட்டருக்குள் பெய்கிற இடம். அதனால்தான் நமக்கு வாசல் அவ்வளவு பெரியது. தானியம் காயப்போட, மாவு இடிக்க, இரவில் கட்டில் போட்டுப் படுக்க எல்லாமே வாசல்தான். அமிச்சி கேரள வீட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவங்களுக்கு வாசல் உள்ளே போயிருச்சு பாரு" என்றார். நான் படித்த எந்தக் கட்டடக் கலைக் கட்டுரையும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

புதுப்பள்ளி சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் நிறைய நேரம் செலவழியுங்கள். வீடு முழுக்க மரம். நெல் சேமிக்கும் அறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த அறையின் பலகைகளைத் தடவிக்கொண்டே அமிச்சி தன் மாமியார் வீட்டுத் தானியக் குதிர் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மண்ணும் வைக்கோலும் குழைத்து வளையம் வளையமாக வனைந்து காயவைத்து அடுக்கியது. அடியில் கையளவு ஓட்டை, துணிப்பந்து வைத்து அடைப்பு. கம்பு தீரத் தீர அந்த ஓட்டை வழியாகக் கொட்டும் சத்தம் மெலிந்துகொண்டே வரும், அதை வைத்தே மாமியார் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லிவிடுவார். நாங்கள் நின்றது கோட்டயத்துப் பக்கத்து வீடு. கிடைத்தது காங்கயத்துக் கதை. இப்படித்தான் நடக்கும், நடக்க விடுங்கள். வழிகாட்டிப் பலகையில் எழுதியிருப்பதை இடையில் படித்துக் காட்டாதீர்கள்.

செட்டிநாட்டு வணிகர் வீடு எல்லோரும் படம் எடுக்கும் இடம். கதவுச் செதுக்கலும் தூண்களும் அழகுதான். ஆனால் பெரியவர்களுக்கு அங்கே பேச ஒன்றும் இருக்காது. அவர்கள் புழங்கிய வீடு அல்ல அது. பத்து நிமிடம் போதும். குயவர் வீடு, கூடை பின்னுகிறவர் வீடு, நெசவாளர் வீடுகள் ஆகியவற்றில்தான் வாய் திறப்பார்கள்.

நோட்டு எழுதும் முறையைச் சொல்கிறேன். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் பொருள் என்ன, எதற்கு என்று ஒரு வரி. இரண்டாவதில் உங்கள் பெரியவர் சொன்ன பெயர், அவர் உச்சரித்தபடியே. மூன்றாவதில் சொன்னவர் பெயர். திருத்தி எழுதாதீர்கள். "பொடக்காலி" என்று சொன்னால் பொடக்காலி என்றே எழுதுங்கள், புழக்கடை என்று மாற்றினால் உங்கள் ஊர் போய்விடும். எங்கள் நோட்டில் அன்று விழுந்தவற்றில் சில: முன்கூடத்துக்கு ஆசாரம், சாமான் போடும் பரணுக்கு அட்டாலி, தோட்டத்தில் கூரை போட்டுக் கட்டிய வீட்டுக்குச் சாளை, மாடு கட்டும் இடத்துக்குக் கட்டுத்தரை, சாப்பிடும் தட்டுக்கு வட்டல், பெரிய தண்ணீர்ப் பானைக்கு மொடா, மழைக்குத் தலையோடு போர்த்துக்கொள்ளும் சாக்குக்குக் கொங்காடை. இவற்றில் நான்கு எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். சாளை என்பதைச் சாலை என்றே இவ்வளவு நாளாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

பெயர் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். இடம் விட்டு எழுதிவிட்டு நகருங்கள். ஒரு பின்கட்டில் உரலைப் பார்த்ததும் அமிச்சி குனிந்து அதன் வாயைச் சுற்றித் தடவினார். "இதுமேல ஒண்ணு வெப்போம் சாமி. தானியம் செதறாம இருக்க. வட்டமா இருக்கும். பேருதான்..." நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டிலும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்த கை நின்று நின்று போனது. நான் வேறு பேச்சை எடுத்தேன். அன்று இரவே ரயில். ஈரோட்டில் வண்டி நின்றபோது யாரோ என் காலைத் தட்டி எழுப்பினார்கள். கீழ்ப் படுக்கையில் அமிச்சி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"குந்தாணி. எழுதிக்கோ கண்ணு, மறுபடி போயிரும்."

ஊருக்குத் திரும்பிய பிறகு

தட்சிணசித்ராவைப் பார்த்து வந்த ஒரு மாதத்துக்குள் காங்கயம் பக்கம் ஒரு நாள் போங்கள். பார்க்கும் பழக்கம் சூடு ஆறாமல் இருக்கும்போதே போக வேண்டும்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1964 முதல் 1966 வரை கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கயம் பகுதியில் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1972-இல் வந்த அவருடைய கொங்குச் சமூகம் பற்றிய புத்தகம் இன்றுவரை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கும் நூல். அண்ணன்மார் கதையை ஊர்ப் பாடகர் பாடப் பாட ஒலிநாடாவில் பதிவு செய்தவரும் அவரே. வீட்டுக்குள் யார் எங்கே உட்காருவார்கள், எந்தத் திசையில் என்ன வைப்பார்கள் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார். கேட்டு எழுதிக்கொண்டால் என்ன மிஞ்சும் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சாட்சி.

காங்கயத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டியது கொறங்காடு. முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை குறைந்த நிலத்தில் மாடும் ஆடும் மேய்வதற்கென்றே பராமரித்து வந்த மேய்ச்சல் காடு. கிளுவைக் குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடித்துக்கொள்ளும். நுழைவில் படல் இருக்கும். திறந்தால் மறக்காமல் சாத்துங்கள். கேட்காமல் உள்ளே போகாதீர்கள், அது ஒருவருடைய காடு. மேயும் மாடுகளைக் காட்டி நிறத்துக்குப் பெயர் கேளுங்கள்: மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று வரும். காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, மாதங்கள் ஆக ஆகச் சாம்பல் நிறத்துக்கு மாறும். குழந்தைகள் கூட இருந்தால் இதைக் காட்டாமல் வராதீர்கள். பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் மாட்டுத்தாவணிக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். கூட்டமாகவே பார்க்க வேண்டும் என்றால் சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டிய சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை.

பவானிக்குப் போனால் ஜமக்காளத் தறி. குழித்தறியில் அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து, நாடாவை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தள்ளிவிட்டு நெய்வார்கள். பேச்சே இல்லாமல் அந்தக் கைமாற்றம் நடப்பதைக் கால் மணி நேரம் பாருங்கள். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்தது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு விசைத்தறியில் ஓட்டியதும் கடையில் கிடைக்கிறது. வாங்குவதாக இருந்தால் தறி வீட்டிலேயே வாங்குங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது பழைய கிணற்று மேடு. கொங்கு நாட்டின் வாழ்க்கையே எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையில்தான் நடந்தது. கிணற்று விளிம்பில் இரண்டு கல்தூண் நின்றால் அது கவலைக் கிணறு. தூணுக்கு மேலே உருளை இருந்திருக்கும். கிணற்றிலிருந்து பின்னோக்கிச் சரிந்து இறங்கும் பாதைதான் வாரி. இப்போது பல இடங்களில் அதில் தென்னை நிற்கிறது. நுகத்தில் பூட்டிய எருதுகள் வாரியில் இறங்க, வடம் இழுபட்டு, கிணற்றுக்குள் கிடக்கும் சால் மேலே வரும். சாலின் அடியில் தைத்த நீளமான தோல் குழாய் தும்பி. அதன் நுனியை வால்கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். சால் கரைக்கு வந்ததும் தும்பி தொட்டியில் விழுந்து தண்ணீரைத் தானாகக் கொட்டிவிடும், ஆள் கை வைக்க வேண்டியதில்லை. இறங்கும்போது பாரம் சேர்க்க ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். பிறகு எருதுகள் பின்னாலேயே மேடேற வேண்டும். விடியுமுன் பூட்டினால் வெயில் ஏறும் வரை இதுதான். 1932-இல் பைகாரா மின்சாரம் வந்து, கோவை ஆலைகளில் பம்புகள் வார்க்கத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்லக் கவலை நின்றது. அந்த மின்சாரம் வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த வேலையின் கஷ்டம் அமிச்சியின் அண்ணன் தோள்களில் கடைசிவரை இருந்தது.

தும்பி என்ற சொல்லை அமிச்சி சொன்னார். அதை எப்படித் தைப்பார்கள் என்று கேட்டபோது, "அது நம்ம வேலை இல்லை சாமி" என்றார். தோலைப் பதப்படுத்தி, தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர்கள் அருந்ததியர்; ஊர் வழக்கில் மாதாரி. அவர்கள் கை இல்லாமல் கொங்கில் ஒரு வயல்கூட நனைந்திருக்காது. அவர்கள் குடியிருந்த வளவு ஊருக்கு வெளியே இருந்தது. ஓட்டு வீடும் தொட்டிக்கட்டு வீடும் நூறு வருசம் நிற்கின்றன, யாராவது வந்து காப்பாற்றவும் செய்கிறார்கள். அந்த வளவின் ஓலைக் குடிசை மூன்று மழைக்கு மேல் நிற்பதில்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவரோடு மட்டும் நோட்டை மூடிவிடாதீர்கள். அந்த வேலையைச் செய்தவரிடமே போய்க் கேளுங்கள். ஊரில் விசாரித்தால் எழுபது எண்பது வயதில் ஒருவராவது இருப்பார். போகும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். அவரை "வாங்க, போங்க" என்று பேசுங்கள். அவர் நின்றுகொண்டே பதில் சொல்லும் பழக்கம் உள்ளவராக இருந்தால், அவர் உட்காரும் வரை நீங்களும் உட்காராதீர்கள்.

நான் பார்த்த பெரியவர் வேப்பமரத்தடியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சிறு வயதில் அப்பாவோடு உட்கார்ந்து தைத்தவர். தையல் எப்படிப் போகும் என்று வாயால் சொல்லிப் பார்த்தார், எனக்குப் புரியவில்லை. கையால் மண்ணைத் தட்டிச் சமன் செய்துவிட்டு, ஆள்காட்டி விரலால் தோலின் இரண்டு விளிம்பையும் வரைந்து, வார் எந்த ஓட்டையில் இறங்கி எந்த ஓட்டையில் ஏறும் என்று ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார். தண்ணீர் ஒழுகாமல் இருக்க ஓர் இடத்தில் வார் திரும்பி வர வேண்டும். அந்த இடத்தை இரண்டு முறை அழித்து வரைந்தார். கோழிகள் மிதிப்பதற்குள் அதை நோட்டில் வரைந்துகொண்டேன். மூன்றாவது பத்தியில் எழுத அவருடைய பெயரைக் கேட்டேன். முழுப்பெயரையும், கூடவே தன் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார்.